பெரிய பெட்டியில் போன மாத்திரைகள்

மோகன்,

கவிதாவின் இரண்டாவது பிரசவத்துக்கு நான் வருவதற்காக நீ எடுத்து அனுப்பிய டிக்கெட்டை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வாங்கிக்கொண்டேன். பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் சரியாக இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, கையில் கொண்டுவரும் பெட்டியின் அளவை நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். உயரம் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர், அகலம் நாற்பது, தடிமன் இருபத்து மூன்று, சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்துத்தான் கணக்கு, எடை ஏழு கிலோ. நான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். போனை வைக்கப் போகும்போது, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மாவாட்டம் மாத்திரைய மறந்து பெரிய பெட்டியில போட்றாதீங்கப்பா. அந்த ஒரு மறதிதான் எல்லாத்தையும் கெடுத்துப்போடுச்சு" என்றாய். நான் "சரி சாமி" என்றேன்.

அந்தச் "சரி" பொய். மூன்று வருடமாக நான் சொல்லிவரும் பொய். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். உன் முகம் திரையில் வந்ததும் "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். தாளில் எழுதினால் நடுவில் நிறுத்த முடியாது என்று நினைக்கிறேன். நான் விமானம் ஏறுவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும், அதனால் இன்றைக்கே அனுப்பிவிடுவேன்.

முப்பத்து நான்கு வருடம் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டிய ஆள் நான். அளவு என்பது எனக்குச் சோறு போட்ட விஷயம். ஆனால் அந்தத் தொழிலில் அளவை மதிக்கக் கற்றேனா என்றால், இல்லை. அளவைத் தாண்டிவிட்டு எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் அதிகம் கற்றேன். "நாலு இஞ்சுதானுங்க, ஆரு அளக்கப் போறாங்க" என்று ஓனர்கள் கேட்பார்கள், நானும் கட்டிக் கொடுப்பேன். ஒரு தடவை அப்படி நீட்டிக் கட்டிய வண்டியைச் சோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓனர் பட்டறைக்கு வந்து சத்தம் போட்டார். நான் நம் வெல்டர் ஆறுமுகத்தைக் கை காட்டினேன். "இவந்தானுங்க அளவத் தப்பா எடுத்துப்போட்டான்" என்றேன். ஆறுமுகம் என்னை ஒருமுறை பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். என் வயதுக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அடுத்த நாளும் வேலைக்கு வந்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை என்பதால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. நம் தப்பை இன்னொருவர் வாங்கிக்கொண்டால் எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். உன் அம்மா விஷயத்தில் நடந்ததை நீ புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

பாப்பா பிறந்து மூன்றாம் மாதம் நாங்கள் கிளம்பினோம், இல்லையா? அப்போதும் நீ இதே அளவை அனுப்பினாய். நானும் உன் அம்மாவும் சேலம் போய் செவ்வாய்ப்பேட்டையில் பெட்டி வாங்கினோம். கடைக்காரர் கைப்பெட்டி என்று ஒன்றை எடுத்து வைத்தார். எனக்கு அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. பக்கத்தில் அதைவிட ஒரு சுற்று பெரியது இருந்தது. உன் அம்மா, "ஏனுங்க, தம்பி சொன்ன அளவு இதானுங்களா? டேப் வெச்சு ஒருக்கா பாத்துரலாமுங்க" என்றாள். "எனக்கே அளவு சொல்லித் தாரயா சரசு? கண்ணுல பாத்தாத் தெரியாது?" என்றேன். கடைக்காரர் சிரித்தார். பெரியதையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

அவளுக்கு வலிப்பு வந்த கதை உனக்குத் தெரியும். மூளைக் காய்ச்சலுக்குப் பிறகு வந்தது. சேலத்து டாக்டர் கொடுத்த மாத்திரையைக் காலையும் சாயங்காலமும் எட்டு வருடம் ஒரு வேளை தவறாமல் போட்டாள். அந்த எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. பயணத்துக்கு ஆறு மாதத்து மாத்திரையை வாங்கி, டாக்டர் சீட்டோடு ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷினையும் அதிலேயே வைத்து மூடினாள். டப்பா ஒன்றரைக் கிலோ இருக்கும். அவளுடைய கைப்பெட்டி பாப்பாவின் துணிமணி, மருந்துச் சாமான்களோடு சரியாக ஏழு கிலோ. அதனால் டப்பாவை என் கைப்பெட்டியில் வைத்தாள். மறக்காமல், முதல் வேலையாக, கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பே வைத்தாள்.

கிளம்பும் அன்று உன் மாமனாரும் மாமியாரும் ராசிபுரத்திலிருந்து வண்டி வைத்துக்கொண்டு வந்தார்கள், எங்களை வழியனுப்ப. பேத்திக்கு என்று ஒரு வெள்ளித் தட்டும் ஒரு ஜோடி வெள்ளி விளக்கும் கொண்டுவந்திருந்தார்கள். மூன்றும் சேர்ந்து நல்ல கனம். "பெரிய பெட்டியில போட்றாதீங்க சம்பந்தி, எவனாச்சும் எடுத்துப்போடுவான். உங்க கையிலயே வெச்சுக்குங்க" என்றார் உன் மாமனார். நான் பெருமையாக வாங்கி என் கைப்பெட்டியில் வைத்து, முழங்காலால் அழுத்தி ஜிப்பை இழுத்து மூடினேன்.

விமான நிலையத்தில் அவர்கள் உள்ளே வர முடியாது. கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்தார்கள். பெரிய பெட்டிகளை எடை போட்டபோது ஒன்றில் இரண்டு கிலோவுக்கு இடம் இருந்தது. பிறகு கவுன்ட்டரில் இருந்த பெண் என் கைப்பெட்டியைத் தராசில் வைக்கச் சொன்னாள். பத்தரைக் கிலோ. பக்கத்தில் அளவு பார்க்க வைத்திருந்த இரும்புச் சட்டத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். சக்கரம் தட்டியது. திருப்பி வைத்தேன், கைப்பிடி தட்டியது. இரண்டு கையாலும் அழுத்தினேன், பெட்டி பாதியில் சிக்கிக்கொண்டது, மேலேயும் வரவில்லை கீழேயும் போகவில்லை. எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். ஒருவன் தன் போனில் என்னைப் படம் எடுப்பது போல இருந்தது. எடுத்தானோ இல்லையோ, எனக்கு அப்படித் தோன்றியது. அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "சார், பெட்டியோட உப்பல் கொறைஞ்சா சட்டத்துல அடங்கிரும். எடையக் கொறைச்சே ஆகணும். ஓரமா வச்சு மாத்திட்டு வாங்க" என்றாள்.

ஓரமாகத் தரையில் உட்கார்ந்து இரண்டு பெட்டியையும் திறந்தேன். ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன். செருப்பையும் இனிப்பு டப்பாவையும் உன் அம்மாவின் தோள்பையில் திணித்தேன். இன்னும் போதவில்லை. எடுக்க வேண்டியது அந்த வெள்ளியைத்தான். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் மாமனார் நிற்கிறார், எங்களையே பார்த்துக்கொண்டு. அவர் கண்ணெதிரே அவர் கொடுத்த தட்டை எடுத்துப் பெரிய பெட்டியில் போட எனக்குக் கை வரவில்லை. சம்பந்தி என்ன நினைப்பார் என்று யோசித்தேன். டப்பாவை எடுத்தால் வருத்தப்பட ஆள் இல்லை. உன் அம்மாவுடைய பொருள்தானே? அதை எடுத்துப் பெரிய பெட்டியில் போட்டேன்.

அவள் பார்த்துவிட்டாள். "ஏனுங்க, மாத்திரைங்க அது" என்றாள். "தெரியும்" என்றேன். பெட்டியை மூடி நம்பர் பூட்டைத் திருகினேன். கவுன்ட்டருக்குத் திரும்பிப் போனதும் அந்தப் பெண்ணே கேட்டாள், "பெரிய பெட்டியில மருந்து எதுவும் வைக்கலயே சார்? இருந்தா கையில எடுத்துக்குங்க." அதற்கு நான் சொன்ன பதில், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க." இன்னொரு தடவை அத்தனை பேர் முன்னால் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்க முடியாது என்று நினைத்தேன், அவ்வளவுதான் காரணம். உன் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு அட்டையாச்சும் எடுத்துக்கறனுங்க. ஒரே ஒரு அட்டை. கனமே இருக்காதுங்க" என்றாள்.

மோகன், நான் அவளிடம் என்ன சொன்னேன் என்பதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. "ஒரு நாளு மாத்திரை போடாட்டி செத்தா போயிருவ? பேசாம வா" என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். பெரிய பெட்டி ஓடும் பட்டையில் நகர்ந்து உள்ளே போனது. விமானத்தில் அவள் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சாயங்கால மாத்திரை போடும் நேரம் ஆனதும் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தாள். அதைப் பார்த்தும் நான் பாராத மாதிரி இருந்தேன். நடுவில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டிய ஊருக்கு எங்கள் விமானம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் ஓடிப்போய் ஏறினோம். பெட்டிகள் ஏறவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை, நீ விமான நிலைய வாசலில் பூங்கொத்தோடு நின்றாய். பெட்டி வரவில்லை என்று கேட்டதும் உன் முதல் கேள்வி, "மாத்திரை கையிலதான இருக்குது?" என்பதுதான். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் உன் அம்மா, "நாந்தான் சாமி, மறந்தாப்பல பெரிய பெட்டியில வெச்சுப்போட்டேன்" என்றாள். நீ கோபப்பட்டாய். "இதக்கூடவா மறப்பீங்க? எத்தன தடவ சொன்னேன்! படிச்சுப் படிச்சுச் சொன்னனே!" என்றாய். வண்டியில் வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை. அவள் பின்னிருக்கையில் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முன்னிருக்கையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று நீ சொன்னாய். வேண்டாம் என்று தடுத்தது நான். நாளைக்குப் பெட்டி வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்களே, எதற்கு அலைச்சல் என்றேன். உண்மையில் டாக்டர் ஏதாவது கேட்கப் போய், விஷயம் என் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம். பாப்பாவை வாங்கி மடியில் போட்டுக்கொண்டதும் உன் அம்மாவும், "நாளைக்கு வந்துரும் சாமி" என்றாள். சனிக்கிழமை பெட்டி வரவில்லை. மாத்திரையின் பெயரை நீ கேட்டாய். வெள்ளையாக, நடுவில் கோடு போட்டு இருக்கும் என்றாள் அவள். எட்டு வருடம் மாதாமாதம் கடையில் நின்று வாங்கிவந்த எனக்கும் பெயர் வாயில் வரவில்லை. சீட்டு அந்த டப்பாவில் இருந்தது. சேலத்து டாக்டர் கிளினிக்கில் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரி என்று நீ முடிவு செய்தாய். அன்று காலையில் போவதற்காக அவள் குளித்துக்கொண்டிருந்தபோதுதான், வலிப்பு வந்து குளியலறையில் விழுந்த சத்தம் கேட்டது. தொட்டி விளிம்பில் தலை பட்டிருந்தது. மற்றதெல்லாம் நீ என்னோடு இருந்து பார்த்ததுதான்.

நீ பார்க்காதது ஒன்று உண்டு. திங்கட்கிழமை நீயும் கவிதாவும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பாப்பாவைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டபோது, வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மத்தியானம் ஒருவர் வந்து பெட்டிகளை வாசலில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். திறந்தேன். டப்பா மேலாகவே இருந்தது. ஒரு கீறல் இல்லை. அட்டைகளை அவள் ரப்பர் பேண்ட் போட்டு மாதம் மாதமாகக் கட்டியிருந்தாள். நான் அதை எடுத்து உன் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, நீ வந்ததும், "வந்துருச்சு சாமி" என்று மட்டும் சொன்னேன்.

அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். வலது கைக்கும் வலது காலுக்கும் அசைவு இல்லை. பேச்சு இல்லை. பதினோரு மாதம். காலையும் சாயங்காலமும் அதே மாத்திரையைப் பொடி செய்து கரைத்து மூக்குக் குழாயில் விட்டேன், ஒரு வேளை தவறாமல். அவளைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நானே செய்தேன். ஊரில், "கட்டுன பொண்டாட்டிய இப்படி ஆரு பாப்பாங்க" என்று பேசினார்கள். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவளுக்குக் குழாயில் கஞ்சி விட்டுவிட்டு, "சரசு, மோகங்கிட்டச் சொல்லிரட்டுமா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் திரும்பியிருக்கலாம் என்பது இப்போதுதான் தோன்றுகிறது. எது உண்மை என்று இனிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அவளை எரித்துவிட்டு வந்த அன்று, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நீ அழுதுகொண்டே, "மாத்திரைய மறந்துட்டாங்க, நான் வேற திட்டிப்போட்டேன்" என்று சொன்னாய். நீ அவளோடு கடைசியாக முழுசாகப் பேசிய பேச்சு அந்தத் திட்டுதான் என்று உனக்கு வருத்தம். கவிதா என்னிடம் சொன்னாள், இப்போதும் சில நாள் நீ வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாய் என்று. நீ அப்படி அழுத அன்று நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

போன வாரம் ராசிபுரம் போனேன். உன் மாமனார் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது, மன்னித்துக்கொள். மாமனார் எழுந்து உள்ளே போய்விட்டார். மாமியார்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அந்தத் தட்ட எங்க கையில குடுத்திருக்கலாமேங்க. நாங்க வெளியிலதானுங்க நின்னுக்கிட்டு இருந்தோம்" என்றார். மூன்று வருடத்தில் ஆயிரம் தடவை அந்த இடத்தை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், வெளியே போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்பது ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் நீ இரண்டு குழந்தைகளோடு போக வர வேண்டியவன் என்பதால் சொல்கிறேன். பெட்டியை வீட்டிலேயே எடை போடு. அளவு தாண்டினால் கவுன்ட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதே. மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் பெட்டியில் வைக்காதே, உடம்போடு ஒட்டிய பையில் வை, மாத்திரையின் பெயரை இரண்டு பேரும் மனப்பாடம் செய்யுங்கள். எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டிவந்தால், யார் கொடுத்தது என்று பார்க்காமல், எது இல்லாவிட்டால் ஆள் பிழைக்காது என்று பார். பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்று அவமானம் வரும்போது கவிதா உன் சட்டையைப் பிடித்து இழுத்தால், நின்று, அவள் முகத்தைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்று முழுசாகக் கேள்.

இதைப் படித்தால் உன் மனச்சுமை குறையாது, கூடும். திட்டக் கூடாத ஆளைத் திட்டிவிட்டோமே என்று இன்னும் வேதனைப்படுவாய். தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்தத் திட்டு எனக்கு வந்திருக்க வேண்டியது, அவள் எடுத்துக்கொண்டாள், நான் விட்டுக்கொடுத்தேன். பாப்பா வளர்ந்து தன் அப்பத்தாவைப் பற்றிக் கேட்கும்போது நடந்ததை நடந்தபடி சொல். என் பெயரைச் சொல்லியே சொல்.

டிக்கெட்டை ரத்து செய்வதானால் செய்துவிடு, எனக்குக் காரணம் எழுத வேண்டாம். பிரசவ நேரத்தில் கவிதாவுக்குத் துணைக்கு அவள் அம்மா வரத் தயாராக இருக்கிறார், நானே கேட்டுவிட்டேன். ரத்து செய்யாவிட்டால் நான் கிளம்பி வருகிறேன். நீ விமான நிலைய வாசலுக்கு வர வேண்டியதில்லை, முகவரி என்னிடம் இருக்கிறது. எதுவானாலும் ஒரு தடவை போன் செய். கோபத்தில் செய்தாலும் பரவாயில்லை. எடுப்பேன். நீ பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்பேன்.

அப்பா